அம்பாசடர் சேம்பர் பேக்கிங்: இறுக்குவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை

அம்பாசடர் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி, வண்டிக்கு அடியில் ஒரு பழைய தட்டை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சேம்பர்; அதற்கும் என்ஜினுக்கும் இடையே வைக்கும் கார்க் அடைப்புதான் பேக்கிங். அந்தப் பேக்கிங்கை ஒழுங்காகப் போட்டால் அந்த இணைப்பிலிருந்து ஒரு சொட்டுகூட விழாது. என் பட்டறைக்கு வரும் பழைய மார்க் 2, மார்க் 3 வண்டிகளில் பேக்கிங் கெட்டதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முன்பு கழற்றிப் போட்டவர் போல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்கியிருப்பார்.

இங்கே நான் சொல்வது 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழியாக, அம்பாசடர் தயாரான உத்தர்பாரா தொழிற்சாலைக்கு வந்த, பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ஜின் அது. பிற்காலத்தில் வந்த இசுசு என்ஜினுக்கு அமைப்பு வேறு. அதற்கு இந்த முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில் ஒழுகுவது சேம்பர்தானா என்று பாருங்கள். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து சேம்பரின் விளிம்புக்குத்தான் வந்து சேரும். ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். இந்த என்ஜினில் மேனிஃபோல்டுக்குக் கீழே டேப்பெட் கவர்கள் என்ற பக்கவாட்டு மூடிகள் இருக்கின்றன. அவற்றின் கார்க் பேக்கிங் காய்ந்து கசிந்தால், அடியிலிருந்து பார்க்கிறவருக்கு சேம்பர் ஒழுகுவதுபோலவே தெரியும். ராக்கர் கவர், டைமிங் கவர் ஆகியவற்றையும் பாருங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால் சந்தேகத்தை, என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனை மீது வையுங்கள். அங்கே ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அது தேய்ந்திருந்தால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பயனில்லை. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் கசிய வைக்கும். அதைக் கழற்றிக் கழுவ அதிக நேரம் ஆகாது. அதை முதலில் செய்யுங்கள்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. என்ஜினின் அடிப்பகுதியை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காய விடுங்கள். சேம்பர் விளிம்பைச் சுற்றிலும் அதற்கு மேலேயும் முகப்பவுடரைத் தூவுங்கள். என்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம்.

சேம்பர்தான் என்று உறுதியான பிறகு பேக்கிங் வாங்கப் போகலாம். இருபக்கத்துக்கும் இரண்டு நீளமான கார்க் துண்டுகள், முன்னும் பின்னும் கிராங்க் ஷாஃப்டை அடியிலிருந்து தாங்கும் மெயின் பேரிங் கேப்புகளுக்கு இரண்டு சிறிய கார்க் துண்டுகள்: செட்டில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் பல காலம் தூங்கிய செட்டுகளும் கிடைக்கும். மெதுவாக வளைத்தால் உடைகிற கார்க் வேண்டாம். வளைகிறது, ஆனால் ஓட்டைகள் போல்ட் துளைகளோடு சேரவில்லை என்றால் அது காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஈரத் துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். இழுத்துப் பொருத்தக் கூடாது.

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்பக்கத்தைத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. செங்கல் அடுக்குவதும் கூடாது. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடித்துவிடுங்கள். ஸ்பேனர் அங்குல அளவில் இருக்கட்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் போல்ட்டின் தலையைத் தேய்த்துவிடும்.

போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டு போகாமல், எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு எடுங்கள். மூலைக்கு ஒன்றாக நான்கை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். சேம்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் மரச்சுத்தியலால் தட்டினால் போதும். இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் விளிம்பு போய்விடும். இறக்கும்போது உள்ளே ஆயிலை வடிகட்டும் ஸ்டிரெய்னரில் இடிக்காமல் சாய்த்து எடுக்க வேண்டும். முன்பக்கக் குறுக்குச் சட்டம் தடுத்தால், என்ஜின் மவுண்ட் நட்டுகளைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் என்ஜினை மேலிருந்து சற்றே தூக்குங்கள். தூக்கும் முன் ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன், சைலன்சர் குழாய் ஆகியவற்றுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேம்பரின் அடியில் கருங்குழம்பாகப் படிந்திருக்கும். அதை விரலில் தொட்டுப் பாருங்கள். வெள்ளித் துகள்களோ செம்பு நிறமோ தெரிந்தால் பேரிங் பக்கம் வேலை இருக்கிறது. அதைப் பார்க்காமல் மூடக் கூடாது. ஸ்டிரெய்னரின் வலையையும் இப்போதே கழுவுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. சேம்பர் தகரத்தால் ஆனது. போல்ட்டை மிகையாக இறுக்கியிருந்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் விளிம்பு என்ஜின் பக்கமாகப் புடைத்திருக்கும். கழுவித் துடைத்தபின் நேரான இரும்புப் பட்டை ஒன்றை விளிம்பின் மேல் நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். துளைகளின் அருகே பட்டை தொடும். இரண்டு துளைகளுக்கு நடுவே வெளிச்சம் கசியும். வெளிச்சம் கசியும் அந்த இடத்தில் ஆயிலும் கசியும். புதுப் பேக்கிங் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்த இடைவெளியை அடைக்காது. என்ஜினோடு சேரும் முகம் மேலே இருக்கும்படி விளிம்பைக் கனமான மரக்கட்டையின் மீது தாங்க வைத்து, புடைப்பைச் சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறக்குங்கள். இரண்டு தட்டு, ஒரு முறை பட்டை வைத்துப் பார்ப்பது என்று பொறுமையாகப் போக வேண்டும். பாதி நாள் இதிலேயே போனாலும் கவலைப்படாதீர்கள்.

என்ஜினின் அடிமுகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கார்க்கைச் சுரண்டும்போது துகள்கள் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரிங் கேப் பள்ளங்களில் பழைய துண்டு மிச்சமிருக்கும். அதைக் கம்பியால் நோண்டி எடுங்கள். கடைசியாக இரு முகங்களையும் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். நூல் பிரியும் பனியன் வேஸ்ட் இந்த இடத்துக்கு வேண்டாம்.

என்ஜின் முகத்தில் மெல்லிதாக கிரீஸ் தடவி, இரண்டு நீளத் துண்டுகளையும் அதில் ஒட்டி நிறுத்துங்கள். சிறிய துண்டுகளைப் பள்ளங்களில் அழுத்துங்கள். அவற்றின் முனைகள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிச்சம் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள். அந்த நீட்டம் நசுங்கித்தான் மூலையை அடைக்கிறது. நீளத் துண்டும் சிறிய துண்டும் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கான் பசை வையுங்கள். சுற்றிலும் பிதுக்கிவிட்டால் உள்பக்கம் வழிந்தது உறைந்து, பிய்ந்து, ஸ்டிரெய்னரில் போய் அடைக்கும்.

சேம்பரை நேராக உயர்த்தி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி, மூன்று சுற்றில் இறுக்குங்கள். பி-சீரிஸ் கையேடுகள் சேம்பர் போல்ட்டுக்குச் சொல்லும் விசை 6 அடி-பவுண்டுதான். ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாவிட்டால் சிறிய ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல், தலைக்கு அருகில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் திருப்புங்கள். என்னிடம் வேலை பழகும் பையன் “இன்னும் சுற்றுகிறதே, அண்ணா” என்பான். சுற்றும்தான். கார்க் பிளந்துபோகும்வரை இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். விளிம்புக்கு வெளியே லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும்.

சிலிக்கான் உறைய அதன் டியூபில் போட்டிருக்கும் நேரத்தைக் கொடுத்த பிறகே 20W-50 ஆயிலை டிப் ஸ்டிக் அளவு பார்த்து ஊற்றுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதன் பின்னரே என்ஜினை ஓடவிடுங்கள். சூடாகி முழுவதும் ஆறியபின், தளர்ந்த போல்ட் இருந்தால் அதே விசைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை பார்த்தால் போதும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டின்னில் அடைத்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுக்கும் பதிவு பெற்ற ஆட்களிடம் கொடுங்கள். பெரிய சர்வீஸ் நிலையங்களில் கேட்டால் அவர்களுக்கு வழி தெரிந்திருக்கும்.