குடல் பாக்டீரியா, எலும்பு, இனம்: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எலும்பு மெலிவது சீனர்களுக்கு வரும் நோய், நமக்கு வராது" என்ற பேச்சு கோலாலம்பூர் தமிழர் வீடுகளில் உண்டு. ஆபத்தான நம்பிக்கை இது. 1996-97இல் மலேசிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில் இடுப்பெலும்பு முறிவு சீனர்களிடம் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் வைட்டமின் டி குறைபாடு இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும்தான் அதிகம் காணப்படுகிறது. இவ்வளவு வெயிலடிக்கும் ஊரிலா? ஆமாம். வெயில் பட்டாலும் கருமையான தோலில் வைட்டமின் டி மெதுவாகத்தான் உருவாகும். நம் பகலோ ஆபீஸ், எல்ஆர்டி ரயில், மால் என்று நிழலிலேயே போகிறது. இனவாரிக் கணக்கை வைத்து உங்கள் அம்மாவின் எலும்பை எடைபோட முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு சின்ன விழுதலிலேயே எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதில் வரும் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்.

சரி, குடலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்தை அவை குறைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரே நகரத்தில் வாழும் வெவ்வேறு இனத்தவரின் குடல் பாக்டீரியாக்கள் வேறுபடுவதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. இதைப் படித்ததும் "எல்லாம் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மோங், கரேன் மக்களின் குடல் பாக்டீரியாக்கள் சில மாதங்களிலேயே மாறத் தொடங்கியிருந்தன. இனம் மாறவில்லை, ஊரும் சாப்பாடும் மாறின. அதனால் ஐரோப்பியர்களை வைத்துத் தயாரித்த 'நல்ல பாக்டீரியா' பட்டியலோடு தன் குடல் பாக்டீரியாவைக் காட்டும் மலப் பரிசோதனை முடிவை ஒப்பிட்டுக் கலங்குவது வீண் செலவு, வீண் கவலை.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையை நம்பி டாக்டர் கொடுத்த எலும்பு மருந்தை நிறுத்துவது இதைவிட மோசம். ஸ்வீடனில் 75-80 வயதுப் பெண்களுக்கு லாக்டோபாசிலஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியாவை ஓராண்டு கொடுத்தபோது எலும்பு இழப்பு குறைந்தது. மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன பெண்களிடம் பிறகு சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. தோசை மாவு புளிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சூடான கல்லில் அந்த பாக்டீரியாக்கள் பிழைப்பதில்லை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று கால்சியத்தையே மறந்துவிடுபவர்களும் உண்டு. மலேசியப் பரிந்துரைப்படி 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் வேண்டும். பாலைத் தாங்காத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பசாரில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம். கேழ்வரகு, டோஃபு, முருங்கைக்கீரை இருக்கின்றன. கொண்டைக்கடலையும் பருப்பும் நார்ச்சத்துக்கு. தே தாரிக் டீயில் விடும் டின் பால் பெரும்பாலும் சர்க்கரைதான், அதைக் கால்சியமாக எண்ண வேண்டாம். அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோலை மாதக்கணக்கில் சொந்தமாக வாங்கிப் போடுகிறவர்கள், அது எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால், அடுத்த முறை கிளினிக்கில் அதையும் கேட்டுவிடுங்கள்.