மூடாத அலகு: வீட்டிலேயே எட்டுப் பக்கப் படக்கதை

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843-ல் வெளியிட்ட வாத்துக்குஞ்சுக் கதையில், கேலிக்கு ஆளான குஞ்சு கடைசியில் அன்னமாகிவிடும். அங்கேதான் இடிக்கிறது. நிறத்துக்காகவோ பல்லுக்காகவோ கேலி கேட்ட பிள்ளை எந்த அன்னமாக மாறும்? அப்படிப்பட்ட பிள்ளைக்காக நாம் செய்யும் கதையில், கேலிக்கு ஆளான அடையாளம் மாறவே கூடாது. நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

பாத்திரம். பிள்ளையையே வரைந்தால் கூசிப்போகும், பறவை நல்லது. சேடை ஓட்டிச் சேறாக்கிய வயலில் இறங்குமே, நத்தைகுத்தி நாரை! அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சில் அது இருக்காது, வளர வளரத்தான் விழும். நத்தையைப் பிடிக்க அது உதவுகிறது. முன்பல் விழுந்த பிள்ளைக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

புத்தகம். இரண்டு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். சாதாரண ஸ்டேப்லர் மடிப்புவரை எட்டாது, தைத்துவிடுங்கள். மடிப்பின் நடுவில் ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 7 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. 50 செ.மீ. நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே இழுத்து, மேல்துளை வழியாக உள்ளே, கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுவில் உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள்.

கதை. முதல் பக்கம் அட்டை, எட்டாவது வெறுமை. இடையில் ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி: நேரான அலகுள்ள குஞ்சு, சந்து விழுகிறது, "வாயை மூடவே தெரியாதா?" என்று கொக்குகள் கேட்கின்றன, நாரை தனியே வரப்போரம் நிற்கிறது, சேற்றில் நத்தையைப் பிடிக்கிறது, வயிறு நிறைந்து கூடு திரும்புகிறது, சந்து அப்படியே. கொக்குக்கு நத்தை கொடுத்து நட்பு வாங்குவதாக எழுதாதீர்கள். உதவினால்தான் மதிப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

மனிதர்களை வரைந்தால் நிறம் கவனம். கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் வெளிர் ரோஸ்தான் கிடைக்கும். அமெரிக்கக் கிரேயான் நிறுவனமான கிரயோலா 1962-லேயே 'சதை நிறம்' என்ற பெயரை 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வாய்தான் இன்னும் மாறவில்லை. பழுப்பின் மேல் லேசாக ஆரஞ்சு தேய்த்தால் மாநிறம் வரும்.

வாசிப்பு. முதல் சுற்றில் எழுத்தைத் தொடாதீர்கள், படத்தைக் காட்டி, "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் நாம் மூன்றிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் சுற்றில் நாலாம் பக்கத்தில் நின்று, "நாரைக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்றால் போதும். "உன்ன மாதிரியே" என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "கறுப்பா இருந்தாலும் நீ அழகுடா" என்பது அதைவிட மோசம்: அந்த 'இருந்தாலும்' கறுப்பைக் குறையாக்கிவிடுகிறது. "உன் கை என்ன நிறம்? எந்தக் கிரேயான் ஒத்துப்போகுது, தேடலாமா?" என்று கேளுங்கள்.

எட்டாம் பக்கத்தில் பிள்ளை தன்னை வரையட்டும். கையில் சின்னக் கண்ணாடி ஒன்று கொடுங்கள். விழுந்த பல்லையும் சேர்த்து வரிசையாக வரைந்தால் அழிப்பானைத் தேடாதீர்கள். தேதியை மட்டும் ஓரமாகக் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து இன்னொரு தாளில் வரையச் சொல்லுங்கள்.