13பி ரோட்டரி எஞ்சின் கோர்ப்பது: என்னைக் கவிழ்த்த பேரிங்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினை நானே கோர்த்தேன். பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் எஞ்சின் இது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே முன்பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டி வந்தது. ஏன் என்பது நான்காவது படியில். பிரிப்பது, கழுவுவதெல்லாம் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

1. போர்ட்

போர்ட் என்றால் காற்று போய்வரும் துளை. தினமும் ஓட்டும் காருக்கு, இருக்கும் துளையையே கொஞ்சம் பெரிதாக்கும் ஸ்ட்ரீட் போர்ட் போதும். கூடுதலாக இன்னொரு துளை வெட்டும் பிரிட்ஜ் போர்ட் ஐடிலில் குதிக்கும்; நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் வெறுத்துப்போகும். டெம்ப்ளேட் வைத்துக் கோடு கீறி, இன்டேக் துளையின் மூடும் விளிம்பை டை கிரைண்டரால் நீட்டுங்கள். துளை தாமதமாக மூடினால் அதிக வேகத்தில் காற்று கூடுதலாகப் போகும். வெளிப்பக்கம் ஆசைப்பட்டால் ரோட்டரின் மூலையில் இருக்கும் கார்னர் சீல் துளைக்குள் விழும், உட்பக்கம் போனால் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் ரிங்கின் தடம். கோட்டுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

2. சைடு சீல்

ரோட்டரின் பக்கவாட்டுப் பள்ளங்களில் உட்காரும் மெல்லிய பட்டைகள், மொத்தம் 12. புதியவை நீளமாகவே வரும். அரத்தால் தேய்த்துக் கார்னர் சீலுக்கும் இதற்கும் 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு ஃபீலர் கேஜ், மறுபடி இரண்டு இழுப்பு. மெஷின் வேண்டாம், கை அரம்தான் நல்லது. எந்தப் பள்ளத்துக்குத் தேய்த்தீர்களோ அந்தப் பள்ளத்துக்கே அது.

3. அடுக்குவது

சீல்கள் நழுவாமல் இருக்க வாசலின் தடவுங்கள். நீள போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், சுற்றுச் சுற்றாக டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டர்களைத் தாங்கும் நடு ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

4. முன்பக்கம்

இங்கேதான் நான் மாட்டினேன். ஷாஃப்ட்டின் முன்முனையில், அது முன்னும் பின்னும் நகர்வதைக் கட்டுப்படுத்தும் திரஸ்ட் பிளேட், இரண்டு ஊசி பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர். எஞ்சினைப் படுக்க வைத்தபடியே இவற்றை மாட்டினேன். ஒரு பேரிங் ஸ்பேசரை விட்டு அரை மில்லிமீட்டர் கீழே சரிந்தது; கவர் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. முன் போல்ட்டை முறுக்கினேன், நன்றாகவே இறுகியது. ஃப்ளைவீலில் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் தள்ளினால் முள் அசையவே இல்லை. 0.04 முதல் 0.07 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டிய இடம் அது. பிரித்தால் பேரிங்கின் ஓரம் நசுங்கி, ஊசி ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

அதனால் எஞ்சினை முன்பக்கம் மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். முன் போல்ட் முழுதாக இறுகும்வரை சாய்க்கவே வேண்டாம். ஆட்டம் கூடக் குறைய இருந்தால் வேறு தடிமன் ஸ்பேசர் போட வேண்டும். அவற்றில் எழுத்து பொறித்திருக்கும்.

5. கம்ப்ரஷன்

முதலில் சாதாரண கம்ப்ரஷன் கேஜே போதும். அதன் வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்டரைச் சுற்றினால் முள் மூன்று முறை ஒரே அளவில் துள்ள வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். ஒரு துள்ளல் மட்டும் சோர்ந்தால் அந்த முகத்தின் சைடு சீலைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்த இரண்டு துள்ளல் சோர்ந்தால், அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல்.

பிற்சேர்க்கை: எஞ்சினை இறக்காமல், காரிலேயே முன் ஆயில் சீல் மாற்றப் போய் இதே பேரிங்கை நசுக்கியதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஃப்ளைவீல் பக்கம் தள்ளும் (புஷ்) வகை கிளட்ச் என்றால், முன் போல்ட்டைத் தளர்த்துவதிலிருந்து மறுபடி இறுக்கும்வரை ஒருவரைக் கிளட்ச் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்; இழுக்கும் (புல்) வகையில் இது உதவாது. ஷாஃப்ட் முன்னால் தள்ளியே நிற்கும், பேரிங் விழ இடம் இருக்காது.