மேக்ரோ எங்கிருந்து வந்தது? தேடும்போது செய்யக் கூடாதவை

சி பழகும் ஒருவர் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே எரர் வரியை அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில் ‘என்’ (N) என்ற பெயரில் ஒரு வேரியபிள், அவ்வளவுதான். செமிகோலன்கூட சரியாக இருந்தது. சிக்கல் ஒரு மேக்ரோ: கம்பைல் ஆகும் முன்பே ஒரு பெயரை வேறொன்றாக மாற்றிவைக்கும் வரையறை. நானும் ஒரு காலத்தில் இப்படி முறைத்தவன்தான், அதுவும் இரண்டு நாள்.

பில்டுக்கு ஒரு ஃப்ளாக், சோதனைக்கு வேறு ஃப்ளாக்

(ஃப்ளாக் என்பது கம்பைலர் கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கும் குறிப்பு.) இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு ஸ்ட்ரக்டில் ‘லினக்ஸ்’ என்று சின்ன எழுத்தில் ஓர் உறுப்பு வைத்திருந்தேன். எண்ணுக்கு முன்னால் ஐடென்டிஃபையர் (பெயர்) எங்கே என்று கேட்டது ஜிசிசி, அதாவது நான் பயன்படுத்தும் சி கம்பைலர். நான் எண்ணே எழுதவில்லையே! மேக்ரோவாக இருக்குமோ என்று உடனே சந்தேகம் வந்தது. அதுவரை சரி. மேக்ரோக்களை எல்லாம் கொட்டிக் காட்டும் ‘மைனஸ் டிஎம் மைனஸ் இ’ (சின்ன டி, பெரிய எம், பெரிய இ) போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கம்பைலரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதையே மறுபடி இன்ஸ்டால் செய்தேன்.

நடந்தது இதுதான். சோதித்த கமாண்டில் கைப்பழக்கமாக, எந்த சி தரம் என்று சொல்லும் ‘மைனஸ் எஸ்டிடி’யில் சி99 கொடுத்திருந்தேன். லினக்ஸில் ஜிசிசி அந்தப் பெயரை 1 என்று தானாகவே வரையறுப்பது ஜிஎன்யு மோடில் (ஜிசிசியின் சொந்த நீட்டிப்புகளும் சேர்ந்த மோடில்) மட்டும். கறாரான சி99 மோடில் இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் வடிவங்கள்தான் மிஞ்சும். பில்ட் கமாண்டுகள் எழுதியிருக்கும் மேக்ஃபைலிலோ எஸ்டிடி ஃப்ளாகே கிடையாது, அதாவது ஜிஎன்யு மோட்.

அதனால் பில்ட் லாகில் அந்த ஃபைலுக்கு ஓடிய கமாண்டை அப்படியே காப்பி செய்து, அதோடு ‘மைனஸ் டிஎம்’, ‘மைனஸ் இ’ இரண்டையும் சேருங்கள். வெளியீடு எந்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ‘மைனஸ் ஓ’ (சின்ன ஓ) பகுதியை எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பட்டியல் திரைக்கு வராமல் ஆப்ஜெக்ட் ஃபைலின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். (அதையும் செய்திருக்கிறேன்.) எந்த ஹெடரில் வரையறுத்தார்கள் என்று பார்க்க, டிஎம்முக்குப் பதில் டிடி (சின்ன டி, பெரிய டி).

விண்டோஸ் ஹெடரின் மின், மேக்ஸ்

இந்த இரண்டு பெயர்களையும் அந்த ஹெடர் மேக்ரோவாக வரையறுக்கும். அதைத் தடுக்கும் ‘நோமின்மேக்ஸ்’ வரையறையை, ஹெடரைச் சேர்க்கும் இன்க்ளூட் வரிக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டுப் பயனில்லை.

பொது ஹெடருக்குள் அன்டெஃப் (மேக்ரோ வரையறையை நீக்கும் வரி)

வேண்டாம்.

ஹேஷ் இஃப்பில் எழுத்துப்பிழை

இஃப் நிபந்தனையில் வரும் வரையறுக்காத பெயரை 0 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். ‘மைனஸ் டபிள்யூ அன்டெஃப்’ (பெரிய டபிள்யூ) போட்டால் எச்சரிக்கும்.

ஹெடர்களை மட்டும் துழாவுவது

நேற்று வந்தவர் எல்லா ஹெடரிலும் கிரெப் போட்டுத் தேடிக் களைத்திருந்தார். மேக்ஃபைலைத் திறந்தோம். சோதனைக்கென்று யாரோ எப்போதோ சேர்த்த ‘மைனஸ் டி என்’ அங்கே இருந்தது; பெரிய டி, கமாண்டிலிருந்தே மேக்ரோ வரையறுக்கும் ஃப்ளாக். மதிப்பு எதுவும் கொடுக்கவில்லை. அப்படி விட்டால் ஜிசிசி 1 என்று வைத்துக்கொள்ளும்.