குதிரை, கழுதைகளில் வைரஸ் நோயைக் கண்காணிப்பது எப்படி?

இன்ஃப்ளூயன்ஸாவோ ஹெர்பிஸ் வைரஸோ லாயத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது காய்ச்சல்தான். இருமலும் மூக்கொழுக்கும் தெரிவதற்குள் பக்கத்தில் நிற்கும் பிராணிகளுக்கு நோய் தொற்றியிருக்கலாம். எனவே வெப்பமானி இல்லாமல் கண்காணிப்பே இல்லை.

வளர்ந்த குதிரையின் இயல்பு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். கழுதைக்கு ஏறத்தாழ 36.5 முதல் 37.8. 38.3 காட்டும் கழுதையைக் குதிரைக் கணக்கில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கழுதை வலியையும் சோர்வையும் வெளியே காட்டாத பிராணி. அது தீனியை ஒதுக்கி, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதென்றால் நோய் முற்றியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்கும் கழுதைக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

முதல் ஒரு வாரம் ஒவ்வொரு பிராணிக்கும் காலை, மாலை இருவேளையும் வெப்பம் பார்த்து அதனதன் வழக்கமான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை வாங்குவதற்கு முன், ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது. ஆசனவாய்க்குள் செருகும் வெப்பமானியின் நுனி குடல் சுவரைத் தொட வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு தப்பும். ஃப்ளூனிக்சின், ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிநீக்கி மருந்து கொடுத்திருந்தால் காய்ச்சல் மறைந்துவிடும், அதையும் எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட 1 டிகிரி கூடினால் உடனே தனியே கட்டிவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மாதிரி எடுப்பதில் நேரம்தான் முக்கியம். இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் காய்ச்சலின் முதல் ஓரிரு நாளில் மூக்கில் நிறைய இருக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தால், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் எதுவும் கிடைக்காமல் போகலாம். நீளமான பாலியெஸ்டர் ஸ்வாபை (மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி) மூக்கின் உள்ளே ஆழமாகச் செலுத்தி, வைரஸ் கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப உதவும் கடத்து திரவத்தில் போட வேண்டும். பாக்டீரியாவுக்கான ஜெல் குழாய் இதற்கு உதவாது. ஹெர்பிஸ் சந்தேகம் இருந்தால் ஸ்வாபோடு இடிடிஏ குழாயில் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துள்ள குழாய்) ரத்தமும் அனுப்புங்கள். குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். எல்லாவற்றையும் 4 டிகிரியில் வைத்து அனுப்புங்கள், ரத்தம் குளிரில் பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருளை (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) அளக்கும் சீரம் சோதனைக்கு முதல் மாதிரி நோயின் தொடக்கத்திலும் இரண்டாவது 2-3 வாரம் கழித்தும் எடுத்து, இரண்டையும் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்தால் அண்மைத் தொற்று. தடுப்பூசியாலும் எதிர்ப்பொருள் உயரும் என்பதால், அதைப் போட்ட தேதி தெரியாவிட்டால் இந்தக் கணக்கே குழம்பிவிடும்.

தொற்று ரத்தசோகை நோய் வேறு மாதிரி. பிராணி ஆரோக்கியமாகத் தெரிந்துகொண்டே வாழ்நாள் முழுதும் வைரஸைச் சுமக்கும். கழுதை, கோவேறு கழுதைகளில் இப்படி அறிகுறியின்றிச் சுமப்பது சகஜம். கடிக்கும் பெரிய ஈக்களும், பல பிராணிகளுக்கு ஒரே ஊசியைப் பயன்படுத்துவதும் பரப்பும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் காகின்ஸ் சோதனை அல்லது எலைசா செய்யலாம்; எலைசாவில் நோய் உண்டென்று வந்தால் காகின்ஸில் உறுதிப்படுத்த வேண்டும். எதிர்ப்பொருள் உருவாக 45 நாள் வரை ஆகலாம். ஆகவே புதிதாக வந்த பிராணிக்கு முதல் சோதனை 'இல்லை' என்று வந்தாலும் 60 நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். பால்குடிக்கும் குட்டிக்குத் தாயின் எதிர்ப்பொருளே 'உண்டு' என்று காட்டக்கூடும்.

ஆப்பிரிக்கக் குதிரை நோய் குதிரையைப் பெரும்பாலும் கொன்றுவிடும், கழுதையில் லேசாகவே தெரியும். கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கிப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது முக்கியமான அறிகுறி. குதிரையின் ரத்தத்தில் வைரஸ் பொதுவாக 4 முதல் 8 நாள் இருக்கும், கழுதையில் 4 வாரம் வரை நீடிக்கலாம். ஆகவே சுற்றுவட்டாரத்தில் இந்நோய் இருக்கையில் கழுதைகளிலிருந்தும் ரத்தம் எடுங்கள். இதைப் பரப்பும் சிறு கடிப்பூச்சிகள் சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் புகுந்துவிடும். இன்னும் நெருக்கமான வலை தேவை. சந்தேகம் வந்தாலே அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

தள்ளாட்டம், வாயில் எச்சில் வடிதல் போன்ற நரம்பு அறிகுறி கண்டால் வெறிநோயாகவும் (ரேபிஸ்) இருக்கலாம் என்பதால் கையுறை இல்லாமல் வாயில் கை வைக்காதீர்கள். நல்ல பிராணிகளை முதலிலும் நோயுற்றதைக் கடைசியிலும் கவனியுங்கள்; வாளி, துணி, வெப்பமானி தனித்தனியாக இருக்கட்டும். ஹெர்பிஸ் வந்த லாயத்தில் கடைசிக் காய்ச்சல் தணிந்த பிறகு குறைந்தது 21 நாள் எந்தப் பிராணியையும் வெளியே அனுப்பக்கூடாது. நடுவில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தாலும் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.