வாவிக் காட்சியை ரெண்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் மேற்கே படுவான்கரைப் பக்கம் சாயும் நேரத்து மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தை, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறீர்கள் என்று வையுங்கள். தோணியில் இருந்து பார்ப்பதுபோல கமரா தண்ணீரோடு தண்ணீராக நிற்கிறது. கரையில் கண்டல், தூரத்தில் தென்னை. பிளெண்டரின் சைக்கிள்ஸில் ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது) முடிந்து பார்த்தால் படமெல்லாம் மணல் தூவினாற்போல இருக்கிறது. உடனே கை சாம்பிள் எண்ணை, அதாவது ஒரு பிக்சலுக்கு எறியும் கதிர்களின் எண்ணிக்கையை, கூட்டப் போகும். அங்கேதான் பலரும் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

இந்த மணல் தூவலைத்தான் நாய்ஸ் என்பார்கள். அது பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும். 256இல் தெரிகிற நாய்ஸை எட்டில் ஒன்றாக்க 16,384 சாம்பிள் கேட்கும். நம்மூர் வெக்கையில் மடிக்கணினிக்கு அது தண்டனை. ஆகவே முதலில் படத்தை 100 சதவீதத்துக்குப் பெருப்பித்து, நாய்ஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பாலத்தின் அடிப்பக்கத்திலும் கண்டல் வேர்களிலும் மட்டும் என்றால், காரணம் தண்ணீர். சூரிய ஒளி அலையில் பட்டுத் தெறித்து இரும்பின் அடியில் விழுகிறது. சூரியனின் அகலம் வானத்தில் அரைப் பாகை அளவுதான். பாலத்தடியில் இருந்து ஏதோ ஒரு திசையில் புறப்படும் கதிர், அலையில் பட்டுத் திரும்பி அதைச் சரியாகத் தொடுவது அபூர்வம். தொட்டால் அந்தப் பிக்சல் மட்டும் வெள்ளையாக எரியும். இதற்குச் சாம்பிள் கூட்டிப் பெரிய பலன் இல்லை. இப்படித் தெறித்து விழும் ஒளியைக் கணக்கிடும் ரிஃப்ளெக்டிவ் காஸ்டிக்ஸை அணைத்து விடுங்கள். பாலத்தடியில் ஆடும் ஒளிக்கோடுகள் வேண்டுமென்றால் டெக்ஸ்சரால் (பரப்பில் ஒட்டும் படத்தால்) போலியாகச் செய்யலாம். மிச்சமிருக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு, தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு வைக்கும், 10இல் இருக்கும் இன்டைரக்ட் கிளாம்ப்பை மெல்ல மெல்லக் குறையுங்கள். நேரடி ஒளிக்கு வரம்பு வைக்கும் டைரக்ட் கிளாம்ப்பில் கை வைக்க வேண்டாம், தண்ணீரில் மினுங்கும் வெயில் செத்துப்போகும்.

நாய்ஸைத் துடைக்கும் டீநாய்ஸரை முழுதாக நம்புவது அடுத்த தவறு. சாம்பிள் மிகக் குறைவாக இருக்கும்போது தென்னோலை எது, நாய்ஸ் எது என்று அதற்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்து வழித்து, ஓலையைப் பச்சைக் களியாக்கி விடும். ஓலை ஓலையாகத் தெரியும்வரை சாம்பிள் ஏறட்டும், அப்புறம் அதைப் போடுங்கள். ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் அதற்குக் கொடுக்க மறக்க வேண்டாம். பிறகும் வழவழப்பு கண்ணை உறுத்தினால், படங்களைக் கலக்கும் கொம்போசிட்டரில், டீநாய்ஸருக்கு முந்திய படத்தைக் கொஞ்சம் கலந்து விடலாம். எனக்கு அந்த லேசான குருணை பிடிக்கும். பிளாஸ்டிக் தென்னையைவிட அது எவ்வளவோ மேல்.

காலை மூட்டத்துக்கு வால்யூம் (காற்றில் நிரம்பும் புகைபோன்ற பொருள்) போடுபவர்களும் உண்டு. அசையாத படத்துக்கு அது தேவையே இல்லை, தூரத்தைப் பொறுத்து மூட்டம் ஏற்ற உதவும் மிஸ்ட் பாஸ் போதும், நாய்ஸும் சேராது. வெயில் கதிர்கள் பாலக் கம்பிகளுக்குள்ளால் கீறிக்கொண்டு வர வேண்டுமென்றால் மட்டும் வால்யூம்.

படத்தை இருட்டாக ரெண்டர் செய்து, ஜேபெக்கில் சேமித்து, பிறகு வெளிச்சம் ஏற்றுவதும் வழக்கமாக நடக்கிறது. வெளிச்சத்தோடு நிழலில் ஒளிந்திருந்த நாய்ஸும் ஏறி வரும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் என்பதால் அந்திவானம் பட்டை பட்டையாக உடையும். எக்ஸ்போஷரை ரெண்டருக்கு முன்பே சரிசெய்து, வெளிச்சத்தின் நுணுக்கமான அளவுகளைக் காக்கும் இஎக்ஸ்ஆர் கோப்பாக வையுங்கள்.