கவுட் வலி உள்ளவர்கள் குழம்பில் கவனிக்க வேண்டியது
கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வந்திறங்கும் நெத்திலியும் மத்தியும் நம் வீட்டுக் குழம்புக்கு எவ்வளவு உகந்தவையோ, நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போகும் கவுட் நோயாளிக்கு அவ்வளவு ஆகாதவை. அவற்றில் மிகுந்துள்ள பியூரின் என்னும் இயற்கை வேதிப்பொருள் உடலில் யூரிக் அமிலமாக மாறி, இரத்தத்தில் அளவு மிஞ்சும்போது மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படிகிறது.

வலி தணிந்த நாட்களில் மீன் உண்ண விரும்பினால், சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டு, சாற்றைக் குறைவாக ஊற்றிக்கொள்ளுங்கள். மீன் வேகும்போது பியூரினில் ஒரு பகுதி அந்தச் சாற்றில்தான் இறங்குகிறது. ஆட்டு ஈரலையும் சிறுநீரகத்தையும் அறவே விலக்குங்கள். புதுச்சேரிக்குப் போய்வரும் நண்பர்களுக்கு அக்கறையோடு சொல்கிறேன், மதுவகைகளில் பீர் மிகவும் கெடுதலானது. சர்க்கரை சேர்த்த குளிர்பானமும் வேண்டாம்.

பருப்பையும் கீரையையும் பலர் வீணாக ஒதுக்குகிறார்கள். அவற்றிலுள்ள பியூரின் கவுட் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டாததால், சாம்பாரையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் அச்சமின்றி உண்ணலாம். கொழுப்பு நீக்கிய மோர் நல்லது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தாலோ யூரிக் அமிலம் ஏறிவிடும்.

உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே சிகிச்சையின் இலக்கு.